ரத்தத்தில் ஒரு சிட்டை

கல்லீரலுக்கு வாய் கிடையாது. பல்லில் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெருவையே எழுப்புகிறோம். வயிறு லேசாகக் கோபித்துக்கொண்டால் பக்கத்து சீட்காரருக்கும் தெரிந்துவிடுகிறது. இந்த ஆசாமி மட்டும் வலது விலாவுக்கு அடியில் ஒன்றரை கிலோ கனத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாம் அனுப்புகிற புரோட்டா, சால்னா, சனிக்கிழமை சாயங்கால சமாசாரம் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் வரவு வைத்துக்கொண்டிருக்கும். உள்ளே வலி சொல்லும் நரம்பே இல்லை. மேலே போர்த்தியிருக்கும் உறையில்தான் உண்டு. அதனால் உள்ளே ஒரு கட்டி கொய்யாக்காய் சைசுக்கு வளர்ந்தாலும், 'ஒண்ணுமில்லை சார், கொஞ்சம் அசதி' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எல்லா ஆபீசிலும் இப்படி ஒரு ஹெட்கிளார்க் இருப்பார். லீவே போடமாட்டார். ஒரு நாள் வரமாட்டார். அப்புறம்தான் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைப்போம்.

வாயில்லாத ஆளிடமிருந்து விஷயம் கறக்க டாக்டர்களிடம் இரண்டு வழிகள். ஒன்று ஸ்கேன். இன்னொன்று ரத்தம். ரத்தத்தில் இத்தனை காலமாகத் தேடுவது ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதத்தை. ஏ.எஃப்.பி. என்று லேப் ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். நாம் அம்மா வயிற்றில் இருந்தபோது நம் கல்லீரல் தயாரித்த சரக்கு இது. பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடையை மூடிவிடும். கல்லீரலில் புற்றுநோய் வந்தால் சில செல்களுக்குப் பால்ய ஞாபகம் வந்து, மறுபடியும் கடையைத் திறந்துவிடுகின்றன. 1963-ல் மாஸ்கோவில் கேரி அபெலெவ் இதை எலிகளிடம் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே டட்டாரினோவ் என்ற இன்னொரு ரஷ்யர் மனிதர்களிடம் பார்த்துச் சொன்னார். அறுபது வருஷம் தாண்டியும் ரத்தத்தில் அதையேதான் முதலில் பார்க்கிறோம். அம்பாசடர் கார்கூட இவ்வளவு காலம் ஓடவில்லை.

சங்கடம் என்னவென்றால், சுமார் மூன்றில் ஒரு பங்கு கட்டிகள் இந்தச் சரக்கைத் தயாரிப்பதே இல்லை. மாறாக, கட்டியே இல்லாமல் காமாலை வந்து தேறுகிறவருக்கு ஏறும். கர்ப்பிணிக்கும் ஏறும்.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்றே வாழ்ந்தவர். "பி.காம். படிச்சிருக்கீகளே தம்பி, ஐந்தொகை இழுக்கத் தெரியுமா?" என்று கேட்டு, நான் மூன்று வருஷம் கஷ்டப்பட்டு வாங்கிய பட்டத்தை மூன்று விநாடியில் பிடுங்கிக்கொண்டவர். அவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன் செய்து கல்லீரலிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். அதற்கப்புறம் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஃபைலைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுகிறார். ஒவ்வொரு தடவையும் ஏ.எஃப்.பி. ஐந்து என்று வருகிறது. நார்மல். வீட்டில் பாயசம். பெரியவர் மட்டும் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கட்டி உள்ள இருந்தப்பவும் அஞ்சுதான் தம்பி. இப்பவும் அஞ்சுதான். இருந்தப்பவும் அஞ்சு, இல்லாதப்பவும் அஞ்சுன்னா அந்த அஞ்சுக்கு என்ன மதிப்பு?"

ஆடிட்டர்கள் கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். அவர் பயம் நியாயமானது. கட்டியை வெட்டி எடுத்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரைக்கும் ஐந்து வருஷத்துக்குள் அது திரும்பி வருகிறது. வெட்டியது முடிவல்ல, வாய்தா. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் அவர் மகன், 'ரத்தத்தில் டி.என்.ஏ. பார்க்கும் டெஸ்ட் வந்திருக்கிறது, ஸ்கேனுக்கு முன்னாடியே சொல்லிவிடுமாம், செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பெரியவர் என்னை விசாரிக்கச் சொன்னார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கெடுப்பானேன்? விசாரித்தேன்.

ரத்தத்தில் டி.என்.ஏ. மிதக்கிறது என்பது புது சங்கதியே இல்லை. 1948-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் மான்டெல், மெத்தே என்று இரண்டு பேர் கண்டு சொல்லிவிட்டார்கள். அதே 1948 ஜூலையில்தான் நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, நேரு வந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்த நிலையம் கட்டி முடித்துத் திறந்த 1953-ல்தான் டி.என்.ஏ. முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும் என்பதே உலகத்துக்குத் தெரிந்தது. ஏணியின் உருவமே தெரியாத காலத்தில் அதன் உடைசல் ரத்தத்தில் கிடக்கிறது என்றால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? 1977-ல்தான் புற்றுநோய்க்காரர்கள் ரத்தத்தில் இந்த உடைசல் அதிகம் என்று தெரிந்தது. அப்புறமும் நல்ல தூக்கம்.

1996-ல் இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. புற்றுநோய்க் கட்டியின் டி.என்.ஏ. ரத்த பிளாஸ்மாவில் இருக்கிறது என்று. அதைப் படித்தவர்களில் ஒருவர் ஹாங்காங்கைச் சேர்ந்த டெனிஸ் லோ. அவருக்கு ஒரு விபரீத யோசனை. கட்டி என்பது என்ன? உடம்புக்குள் இன்னொரு பிராணி மாதிரி வளர்வது. அப்படியானால் அம்மா வயிற்றில் வளரும் குழந்தை? அது இதைவிடப் பெரிசாயிற்றே! குழந்தையின் டி.என்.ஏ.வும் அம்மா ரத்தத்தில் இருக்க வேண்டுமே! பிளாஸ்மாவிலிருந்து டி.என்.ஏ.வை எடுக்கச் சுலபமான வழி என்ன என்று யோசித்தவருக்கு, தாம் செய்யும் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் ஞாபகம் வந்ததாம். பிளாஸ்மாவை அப்படியே ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்தார். இருந்தது! 1997-ல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார். இன்றைக்கு உலகம் பூராவும் கர்ப்பிணிகளுக்குக் கையில் ரத்தம் எடுத்தே குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் உண்டா என்று பார்க்கிறார்களே, அதன் மூலம் இந்தக் கொதிக்க வைத்த பாத்திரம்தான். 2022-ல் அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. பேச்சிலர்கள் சமையலைக் கேலி செய்யாதீர்கள்.

பிரசவமான பிறகு அந்த டி.என்.ஏ. எவ்வளவு நேரம் அம்மா ரத்தத்தில் தங்குகிறது என்றும் லோ பார்த்தார். சுமார் 16 நிமிஷத்தில் பாதியாகிவிடுகிறது. புற்றுநோய் டி.என்.ஏ.வுக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஏ.எஃப்.பி. பாதியாவதற்கு ஐந்தாறு நாள். பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது? "ஏ.எஃப்.பி. பேரேடு மாதிரி ஐயா, மெதுவா ஏறும், மெதுவா இறங்கும். டி.என்.ஏ. சிட்டை. அன்னன்னிக்கு நடந்தது அன்னன்னிக்கே இருக்கும்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப சிட்டையைத்தானே தம்பி பாக்கணும்?"

பார்க்கலாம். ஆனால் அந்தச் சிட்டையில் மை ரொம்பக் கம்மி. கணக்கு சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனுஷனின் ஒரு மில்லி பிளாஸ்மாவில் டி.என்.ஏ. சுமார் ஐந்து நானோகிராம். ஒரு நானோகிராமில் ஏறக்குறைய 300 முழு செட். ஒரு ஊசியில் பத்து மில்லி ரத்தம் எடுத்தால் பிளாஸ்மா நாலு மில்லி தேறும். நாலு, ஐந்து, முந்நூறு பெருக்கினால் 6,000 செட். இதில் பெரும்பான்மை செத்துப்போன வெள்ளை அணுக்களுடையது. கட்டியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒளிந்திருக்கும் பொடிக் கட்டிக்கு அவ்வளவுதான் இருக்கும். எடுத்த மொத்த ரத்தத்திலும் நீங்கள் தேடும் எழுத்துப்பிழை உள்ள துண்டு ஒன்றுக்கும் குறைவு! டியூபில் வந்தால் வந்தது, வராவிட்டால் அது இன்னும் கைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. லேப்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை. போதாக்குறைக்கு, ரத்தத்தில் மிதக்கும் இந்த உடைசல்களைப் பொறுக்கி விழுங்கிச் சுத்தம் செய்யும் முக்கிய உறுப்பு எது தெரியுமோ? சாட்சாத் கல்லீரலேதான். திருடனும் அவரே, சாட்சியை அழிப்பவரும் அவரே.

ஆகவே ஒரே ஒரு பிழையைத் தேடாமல் வேறு தந்திரம் செய்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருந்தால் சுலபமாகப் புரியும். அங்கே குவித்திருக்கும் பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு எதைத் திருப்பிப் பார்த்தாலும் விலாசம் வெட்டியிருக்கும். நகரத்தார் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் ஏது? எந்த வீட்டு அண்டா என்று விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். டி.என்.ஏ.விலும் அப்படி மெத்தில் என்று சின்ன ரசாயனக் குறிகள் உண்டு. எழுத்து எல்லா உறுப்புக்கும் ஒன்றுதான். குறி மட்டும் கல்லீரலுக்கு ஒரு மாதிரி, கணையத்துக்கு ஒரு மாதிரி. புற்றுநோய் வந்தால் குறிகள் இடம் மாறுகின்றன. 1999-ல் லோவின் குழுவினர் கல்லீரல் புற்றுநோயாளிகள் 22 பேரைப் பார்த்தார்கள். 16 பேர் கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் மேல் தப்பான குறி இருந்தது. அந்த 16-ல் 13 பேருக்கு அதே குறி ரத்தத்திலும் கிடைத்தது. 2017-ல் சீனாவிலும் அமெரிக்காவிலும் இருந்த ஒரு குழு 1,098 நோயாளிகளையும் 835 நோயில்லாதவர்களையும் எடுத்துக்கொண்டு, பத்தே பத்து இடங்களின் குறிகளை வைத்து இவர்களை நன்றாகவே பிரித்துக் காட்டியது. ஒரு அண்டா தொலைந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டுப் பாத்திரம் முழுக்க சந்தைக்கு வந்தால் நாலாவது தெரிந்துவிடுமல்லவா? அந்த நியாயம்தான்.

கொஞ்சம் கடலை சாப்பிடலாமா? நம் செம்மண் காட்டில் விளையும் அதே நிலக்கடலை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலே வான்கோழிகள் திடீரென்று செத்தன. தேடிப் பார்த்ததில் தீவனத்தில் இருந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சைக்காளான். அது கக்கும் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பேர் வைத்தார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூலம் இதே விஷம் 397 பேரைத் தாக்கி 106 பேரைக் கொன்றது. கொல்லாவிட்டாலும் இது சும்மா போவதில்லை. புற்றுநோயைத் தடுக்கும் காவல்கார மரபணு ஒன்று இருக்கிறது, பி 53 என்று. அதன் 249-வது இடத்தில் போய் ஒரு எழுத்தை மாற்றிவிட்டுப் போகிறது. எப்போதும் அதே இடம்! கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் திருடன். 2000-ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கல்லீரல் புற்றுநோயாளிகள் 53 பேரின் ரத்தத்தில் தேடினார்கள். 19 பேரிடம் அந்தக் கையெழுத்து இருந்தது. அதோடு விடாமல் நோயில்லாத 53 பேரிடமும் தேடினார்கள். 3 பேரிடம் இருந்தது. எனக்கு அந்த 19-ஐவிட இந்த 3 பேர்தான் கண்ணிலேயே நிற்கிறார்கள். அவர்களிடம் என்னவென்று சொல்வது? (கறுத்த, சுருங்கிய, கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள். 'காசு போட்டு வாங்கினது' என்று விழுங்காதீர்கள்.)

பெரியவருக்குக் கட்டி வந்த காரணம் கடலை இல்லை. ஹெபடைடிஸ் பி. இந்தியாவில் கல்லீரல் புற்றுநோய்க்கு இதுதான் பழைய, பெரிய காரணம். இந்த வைரஸின் உறையை ரத்தத்தில் முதலில் அடையாளம் கண்டவர் அமெரிக்கரான பாரூக் பிளம்பெர்க். 1976-ல் நோபல் பரிசு. அவருக்கும் நம் மெட்ராசுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தரமணியில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் நம் பாட்டிமார்களின் கீழாநெல்லியைப் பொடியாக்கி, தினம் மூன்று வேளை 200 மில்லிகிராம் வீதம் முப்பது நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேர் ரத்தத்திலிருந்து வைரஸ் உறை காணாமல் போனது. வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. 1988-ல் பிளம்பெர்க்கும் சேர்ந்து கையெழுத்திட்டு லான்செட்டில் வந்தபோது ஊரே புல்லரித்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தார்கள். அதே அளவு பலன் வரவில்லை. இன்றைக்கு டாக்டர் எழுதுவது வேறு மாத்திரை. கீழாநெல்லி மோரில் அரைபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையின் முறை, அதாவது ரத்தத்தில் ஒரு அடையாளத்தை முன்னாலும் பின்னாலும் எண்ணிப் பார்ப்பது, அதுதான் இந்த டி.என்.ஏ. வியாபாரத்துக்கும் அடிப்படை.

இந்த வைரஸ் செய்யும் ஒரு அக்கிரமமே கண்காணிப்புக்கு உதவியாகவும் போயிருக்கிறது. தன் டி.என்.ஏ.வை நம் டி.என்.ஏ.வுக்கு நடுவே ஒட்டுப் போட்டுவிடும். ஒட்டிய இடம் ஆளுக்கு ஆள் வேறு. எனவே கட்டியில் அந்த ஒட்டைப் பார்த்து வைத்துக்கொண்டால், ரத்தத்தில் அதையே தேடலாம். வேறு யாருடையதும் இல்லை, அந்தக் கட்டியுடையதே. தைவானில் 2020-ல் செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தில் ஒட்டு தெரிந்தவர்கள் 43 பேர். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாசம் கழித்துப் பார்த்ததில் 10 பேருக்கு இன்னும் தெரிந்தது. அந்தப் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள் கட்டி திரும்பியது.

நான் உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். பெரியவர் உற்சாகப்படவில்லை.

"அந்தப் பத்துப் பேருக்கும் ரெண்டாம் மாசமே தெரிஞ்சிருச்சுல்ல. தெரிஞ்சு என்ன செஞ்சாக?"

இதுதான் விஷயம். ஸ்கேனில் கட்டி தெரிந்தால் வெட்டலாம், சுடலாம், மருந்து ஏற்றலாம். ரத்தத்தில் மட்டும் தெரிந்து, ஸ்கேனில் ஒன்றுமே தெரியாவிட்டால் எங்கே வெட்டுவது? திரும்பாமலிருக்க முன்கூட்டியே இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. 2024-ல் இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்து பார்த்தபோது அந்த லாபம் கரைந்திருந்தது. இப்போதைக்கு டி.என்.ஏ. டெஸ்டில் 'இருக்கிறது' என்று வந்தால் டாக்டர் செய்யக்கூடியது, ஸ்கேனைச் சீக்கிரம் எடுப்பது, எம்.ஆர்.ஐ. எடுத்து நுணுக்கிப் பார்ப்பது. அதுவும் லேசுப்பட்டதில்லை. சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் சுட்டுப் பொசுக்கிவிடலாம். ஆனால் ஏ.எஃப்.பி.யை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பு என்று சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை. 'இல்லை' என்று வந்தாலும் மேலே போட்ட 6,000 கணக்கு ஞாபகமிருக்கட்டும். தவிர, வயசானவர்களின் வெள்ளை அணுக்கள் தாமாகவே சில எழுத்துப்பிழைகள் செய்யும், பி 53-லும் செய்யும். கட்டி இல்லாமலே டெஸ்ட் அலறும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகனுக்கு போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, டெஸ்டுக்குச் சொல்லிடட்டுமா? வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்குவாங்க."

"அது இருக்கட்டும். மதுரை டாக்டருட்ட நானே கேக்குறேன், 'இருக்கு'ன்னு வந்தா என்ன செய்வீகன்னு. பதில் இருந்துச்சுன்னா எடுத்துக்குவோம். நீ மொதல்ல பி வைரஸ் பாத்தியா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"அன்னைக்கே டாக்டர் எழுதிக் குடுத்தாகல்ல. வீட்ல இருக்கிற எல்லாரும் பாக்கணும், இல்லாதவுக ஊசி போட்டுக்கணும்னு. ஓங்கம்மா பாத்துட்டா, தங்கச்சி பாத்துட்டா, மாப்பிள்ளை ஊசியே போட்டாச்சு."

"லீவு கிடைக்கலைப்பா. குவார்ட்டர் எண்டு..."

பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இந்தத் தடுப்பூசி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது 2011 வாக்கில்தான். இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அதற்கு முந்தைய சரக்கு. 2018 முதல் அரசின் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வைரஸ் இருந்தால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம். கட்டி வரும் வாய்ப்பு குறையும். இல்லாவிட்டால் ஊசி. எந்த முடிவு வந்தாலும் செய்வதற்கு ஒன்று இருக்கிற டெஸ்ட் இது. அதைத்தான் சாஃப்ட்வேர் தம்பி இரண்டு வருஷமாக லீவு லெட்டரில் வைத்திருந்திருக்கிறார்.

"வீட்டுக்கே வர்றாகன்னு சொன்னேல்ல," என்றார் பெரியவர். "வரச் சொல்லு. காரைக்குடிக்கு வேண்டாம். ஓன் வீட்டுக்கு."